மேடையில் என் பெயர்

சித்தூரில் அந்த வருடம் நடந்த நாடக விழாவுக்கு நைனாவின் அதிகாரி எங்களுக்கு இலவசப் பாஸ் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த சமயம். உத்தியோகம் இங்கேதான் என்று முடிவு செய்துகொண்ட நைனா என்னைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்துவிட்டார். நான் வாயைத் திறந்தால் போதும், வகுப்பே ‘அரவம்’ என்று சிரிக்கும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். நானும் விடவில்லை. கண்ணாடி முன் நின்று பேசிப் பேசி நாக்கைத் திருத்திக்கொண்டேன். அதிகாரியின் மகள் என் வகுப்புதான். “உன் தெலுங்கில் இப்போது தமிழ் வாடையே இல்லை” என்று அவள் சொன்ன நாளில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாவில் தன் பக்கத்து நாற்காலியை எனக்குப் பிடித்து வைப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் பார்த்து அம்மாவின் தம்பி வந்து நின்றார். திருத்தணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ரேணிகுண்டாவில் வண்டி மாறி வந்திருந்தார். பையில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்று. எடுக்கப் போனேன். “தொடாதே பாப்பா, அது வேற வேலைக்கு வெச்சிக்கினு கீறேன்” என்றார். மாமாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கூத்து என்றால் உயிர்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் உயிரைக் கொடுத்து ஆடும்போது பார்க்கிறவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. மேடைக்குப் போய் ஒரு துண்டைப் போர்த்த வேண்டும். உடனே கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, துண்டு யார் பேரில் வந்ததோ அவர் பேரையும் தகப்பன் பேரையும் ஊர்ப் பேரையும் உரக்கச் சொல்லி வாழ்த்துவான். அதற்குப் பிறகுதான் பாஞ்சாலி விட்ட இடத்திலிருந்து அழுவாள். இதில் யாருக்கும் குறை இல்லை.

விழாவில் அதற்கு முந்தைய நாட்களெல்லாம் தெலுங்குப் புராண நாடகங்கள். நடிகர் ஒரு பத்தியத்தை, அதாவது செய்யுளை, இழுத்துப் பாடி முடித்ததும் கொட்டகையே ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். செத்து விழுந்தவர்கூட எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுச் சாவார். அன்றைக்கோ பம்பாயிலிருந்து வந்த குழுவின் பாலே. திரை தூக்கியதும் மழையில்லாத ஒரு ஊர். கறுப்புத் துணி இறுக்கிக் கட்டிய பத்துப் பேர் தரையோடு தரையாக ஊர்ந்தார்கள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. பின்னால் மத்தளம் மட்டும் முழங்கியது.

கொட்டகைக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்த இடத்தில் ஒன்ஸ்மோர் கேட்பது? “மைக்கு பனி சேயட்லேது” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். மைக் கெட்டுப்போனதால்தான் பேச்சு கேட்கவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முன்வரிசை அதிகாரிகள் எப்போது கைதட்ட வேண்டும் என்று தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

மேடையில் ஒரு பெண் தண்ணீருக்காக வெறுங்கையால் தரையைத் தோண்டினாள். தோண்டித் தோண்டி, வியர்வை சொட்டச் சொட்ட, முழங்காலில் சரிந்தாள். எங்களுக்குப் பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த மாமா பெருமூச்சு விட்டார். “இன்னாக்கா இது, இம்மாம் பாடு படுது அந்தப் பொண்ணு, ஒர்த்தரும் ஒண்ணும் சொல்லல” என்றார். அம்மா கையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

அவர் மேடைப் படியில் ஏறும்போதுதான் கையில் அந்தப் புதுத் துண்டைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தார். துண்டை உதறி அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தினார். அவள் அசையவில்லை. மத்தளமும் நிற்கவில்லை. மாமா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், கட்டியக்காரன் வருவான் என்று. அவன் எங்கே வருவான்? மற்ற ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்து போனார்கள். கொட்டகையில் சிரிப்பு பொங்கியது. அவ்வளவு நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவர்களுக்குச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

“எவரு? மீ வாள்ளா?” என்றாள் அதிகாரியின் மகள். உங்கள் ஆளா என்று கேட்கிறாள். நான் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மாமா ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, கட்டியக்காரன் இழுக்கிற மாதிரியே இழுத்து, தாமே அறிவித்தார். தமிழில்தான். தாலுகா ஆபீசு குமாஸ்தா மகள் என்று நைனாவின் பெயர், பிறகு தம் ஊரின் பெயர், கடைசியில் என் பெயர். என் முழுப் பெயர்.

முன்வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நைனா கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு நாற்காலியோடு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதிகாரியின் மகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாமா இறங்கி நேரே என்னிடம்தான் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. “பேரு நல்லா கேட்டுச்சா பாப்பா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டம் முடியும்வரை நிமிரவே இல்லை. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டபோதும் அந்தப் பெண்ணின் தோளில் துண்டு இருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். காலையில் மாமா ஊருக்குக் கிளம்பியபோது நான் கிணற்றடியிலேயே நின்றுகொண்டேன். “பாப்பாக்கு இன்னும் கோவமா கீது போல” என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது.

பள்ளியில் மறுபடியும் அரவம் ஆனேன். எல்லை பிரித்தபோது மாமாவின் ஊர் சென்னைப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். போக்குவரத்தும் குறைந்துபோனது.

என் மகள் பள்ளி மேடையில் பரிசு வாங்கிய அன்று, அவள் பெயரை மைக்கில் அழைத்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா அப்போது உயிரோடு இல்லை. “இதுக்குத்தானே அவன் அந்தப் பாடு பட்டான்” என்றாள். சின்னவளாக ஊரில் மாமா மடியில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கும்போது, எல்லாம் ஆம்பிளைங்க பேராவே சொல்றாங்களே, என் பேரை எப்போ சொல்லுவாங்க என்று நான் கேட்டேனாம். மாமா அடுத்த திருவிழாவுக்கே என் பேரில் ஒரு புதுத் துண்டோடு போயிருக்கிறார். பெண்பிள்ளை பேரைச் சபையில் சொல்கிற வழக்கமில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தூரில் நாடக விழா நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், டவுன் சபையில் யார் தடுக்கப்போகிறார்கள் என்று அதே துண்டை எடுத்துக்கொண்டு ரயிலேறியிருக்கிறார்.

நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை. பேரு நல்லா கேட்டுச்சா என்று அன்று மாமா கேட்டதற்கு இன்றைக்கென்றால் சொல்லியிருப்பேன். கேட்டது மாமா, கடைசி வரிசைவரைக்கும் நல்லா கேட்டது.