இருபத்து மூன்றாவது வரி

இது கதை இல்லை. எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேயை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் செய்த காரியத்தை மட்டும் நம்புங்கள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை. நோயாளிகள் வீட்டிலிருந்தே வீடியோவில் தங்கள் தொந்தரவைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு பக்கத்திலேயே எழுத்தாக ஓடும். முக்கியமான வரிகளை மவுஸால் இழுத்தால் நீலமாகும்; அதை மஞ்சளாக்கி அனுப்ப வேண்டும். நர்ஸ் அக்கா மஞ்சள் வரிகளை மட்டும்தான் படிப்பார்.

இதில் ஒரு தொல்லை. வீடியோ ஓட ஓட எழுத்தும் நகரும். பிடித்த வரி நழுவிவிடும்.

திங்கட்கிழமை ஒரு தையல்கார அம்மா. இருமிக்கொண்டே பேசினார். கடைசி வரி: "படுத்தா மூச்சு நின்னுடுதுங்க." மூன்று தடவை இழுத்தேன், மூன்று தடவையும் நழுவியது. மணி 5:58. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். சனியன், போகட்டும் என்று அந்த வரியை விட்டுவிட்டு அனுப்பினேன்.

புதன்கிழமை மதியம் 3:17. ஒரு டிரைவர், முழங்கால் வலி. மொத்தம் இருபத்திரண்டு வரி. ஒன்பதாவதை இழுத்தேன். நீல நிறம் நிற்கவில்லை... கீழே கீழே ஓடி, இருபத்து மூன்றாவது வரியில் போய் நின்றது.

"படுத்தா மூச்சு நின்னுடுதுங்க."

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரைக் கூப்பிட்டேன். நாங்கள் வைத்த பெயர் 'ஒயர்' அண்ணன்.

"என்னங்க, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இந்தக் கடைசி வரியப் பாருங்கண்ணே."

"முழங்கால் வலின்னு இருக்கு. அதுக்கென்ன?"

எண்ணினேன். இருபத்திரண்டுதான்.

"இழுக்காதீங்க. வீடியோவ நிறுத்துங்க. முதல் எழுத்துல ஒரு கிளிக். ஷிஃப்ட்ட அமுக்கிட்டு கடைசி எழுத்துல ஒரு கிளிக். அவ்ளோதான், நழுவாது."

அவ்வளவுதானா! திங்கட்கிழமையே கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. என் முகம் சுண்டிப்போனது.

அவர் போனார். 3:26. வீடியோவை நிறுத்தினேன். கிளிக். ஷிஃப்ட். கிளிக். சரியாக நின்றது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

நீலம் நகர்ந்தது...

பத்து. பதினைந்து. இருபத்து மூன்று.

ஹெட்ஃபோனில் இருமல். லொக்... லொக்...

வீடியோ ஓடவில்லை.

மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். வெளியே விடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்...

வரவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். 3:31.

"அக்கா... அந்தத் தையல்கார அம்மா..."

"திங்கட்கிழமை ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்கப்பா. ரெண்டு மணி இருக்கும்னு அவங்க பொண்ணு சொல்லிச்சு." அக்காவின் குரல் உடைந்தது. "நீ கரெக்டா அந்த மூச்சு வரிய அனுப்பியிருந்தே. நான்தான் லேட்டா, காலையிலதான் பார்த்தேன். பாவி நான்."

"நான்... எப்ப அனுப்பினேன்?"

"இரு, பாக்குறேன்... செவ்வாய் விடிகாலை 2:40ன்னு இருக்கு. உன் பேர்லதான் வந்திருக்கு."

அந்த நேரம் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா அழுதார். அதை அனுப்பியது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"விடுங்கக்கா, அழாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.