நாய்ப் போட்டியில் தூணாக நின்றவன்

நாயைப் பார்த்து "கை குடு, கை குடு" என்று கொஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். நாயைக் கண்டால் இல்லை. அது பாவம், வயிற்றுக்காகக் கை கொடுக்கிறது. கொடுக்க வைத்துவிட்டு, வந்த விருந்தாளியின் முகத்தைப் பெருமையோடு பார்க்கிறானே, அவனைக் கண்டால்தான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மூன்று வருடம் நானும் அந்த வேலையைச் செய்தவன். கூச்சமில்லாமல், நன்றாகவே செய்தேன்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன என்றாலும் எங்கள் மலையில் வெள்ளைக்காரத் தொரை தொரையாகவே இருந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்ற என்னை ஒருநாள் பங்களாவுக்குக் கூப்பிட்டு நாய்க்காரன் ஆக்கினார்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. குளிரில் செடி வெட்டுவதைவிடப் பங்களா வேலை சுகம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சுகத்தைக் கேளுங்கள். அது ஒரு அல்சேஷன் நாய். காலையில் போனதும் அதன் காது மடலை விரித்து, கழுத்து மயிரை விலக்கி, உண்ணி பொறுக்க வேண்டும். இரத்தம் குடித்து அவரை விதை மாதிரி உப்பியிருக்கும் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மண்ணெண்ணெய் டின்னில் போடவேண்டும். சில நேரம் விரலிலேயே நசுங்கிவிடும். பிறகு காதுக்குள் பஞ்சு விட்டுச் சீழ் துடைப்பது. பிறகு அடுப்படிக்குப் பின்னால் கல் கூட்டி, மாட்டுக் குடலும் ஈரலும் அவிப்பது. வாரத்தில் இரண்டு நாள் டவுனிலிருந்து ஓர் ஆள் தலையில் இறைச்சிப் பெட்டியைச் சுமந்து வருவார். நல்ல துண்டு தொரையின் மேசைக்குப் போகும், மிச்சம் என் டின்னுக்கு வரும். நான் மாட்டிறைச்சி படாத வீட்டில் பிறந்தவன். அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போது ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்தேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பினால் என் பெண்சாதி வாசலிலேயே மறித்து நிற்பாள்.

"அந்தச் சட்டையோட உள்ள வராதீங்க. பீலிக்கரையில குளிச்சிட்டு வாங்க."

அந்தக் குளிரில் மலையிலிருந்து குழாயில் கொட்டும் பீலித் தண்ணீரில் நின்று நடுங்கிக் குளித்தாலும் ஈரல் நாற்றம் விரலை விட்டுப் போகாது.

அதுவரைக்கும் பரவாயில்லை. நுவரெலியாவில் சித்திரை மாதத்துச் சீசனுக்கு நாய்ப் போட்டி வைப்பார்கள். அழகு பார்ப்பது ஒரு பக்கம், சொன்ன சொல் கேட்கிற நாய் எது என்று பார்ப்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று தொரைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நாய் பழக்குவதற்கென்று ஒரு புத்தகம் வரவழைத்தார். சாயங்காலம் படிப்பதைக் காலையில் எனக்குச் செய்து காட்டுவார். காட்டிவிட்டு அவர் மலைக்குப் போய்விடுவார். நாள் முழுக்கப் பழக்குவது நான்.

சங்கிலியை ஒரு சுண்டு சுண்டி, பின்பக்கத்தை அமுக்கி "சிட்" என்றால் உட்காரவேண்டும். நடக்கும்போது என் இடது முழங்காலை விட்டு அது விலகக்கூடாது. மரக்கட்டையை எறிந்தால் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து முன்னால் உட்காரவேண்டும். எல்லாவற்றையும் விடக் கடினமானது படுக்கப்போட்டு "ஸ்டே" சொல்லிவிட்டு நாம் மறைந்துபோவது. நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்து எட்டிப் பார்ப்பேன். மழைத் தூற்றல் அதன் மூக்கில் விழும். அட்டை காலில் ஏறும். கண் மட்டும் நான் போன திசையிலேயே இருக்கும். எழுந்தால் போய் மறுபடியும் படுக்கப்போடுவேன். எழாமல் கிடந்தால் ஈரல் துண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாய் எனக்குப் பிடித்துப்போயிற்று. வேலை முடிந்ததும் சங்கிலியைக் கழற்றிவிட்டால் என் கம்பளியைப் பறித்துக்கொண்டு புல்லில் நாலு சுற்றுச் சுற்றும். நான் துரத்துவேன். இரண்டு பேரும் விழுந்து புரளுவோம். ஆனால் அதை விட எனக்குப் பிடித்தது வேறொன்று. பிறந்த நாள் முதல் கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை என்று எல்லாருக்கும் "சரிங்க" சொல்லி வளர்ந்தவன் நான். என் ஒரு சொல்லுக்கு ஒரு உயிர் பொத்தென்று உட்கார்ந்தது. அந்த ருசி என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது நினைத்தால் சீ என்றிருக்கிறது.

போட்டியில் இன்னொரு அங்கம் இருந்தது. இரண்டு பேரை இரண்டு எட்டு வைக்கும் தூரத்தில் தூண் மாதிரி நிறுத்தி, அவர்களைச் சுற்றிச் சுற்றி நாயை நடத்தவேண்டும். அந்த ஆட்கள் அசையக்கூடாது, நாய் அவர்களை மோந்து பார்க்கக்கூடாது. இதைப் பழக்கத் தொரை கண்டுபிடித்த இடம் பெரட்டுக் களம். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. கூடையும் கம்பளியுமாக நிற்கிற பெண்களில் இரண்டு பேரைத் தொரை பிரம்பால் சுட்டுவார். நான் நாயோடு அவர்களைச் சுற்றி வருவேன். மற்றவர்கள் மழையில் காத்திருப்பார்கள். பிந்திப் போனதற்கு மலையில் கங்காணியிடம் ஏச்சு வாங்குவதும் அவர்கள்தான்.

"இன்னைக்கு யாரு தூணு?" என்று வரிசையில் குசுகுசுப்பார்கள். எனக்கு "சின்ன நாய்த்தொரை" என்று பட்டம். எனக்குக் கோபம் வந்ததே தவிர வெட்கம் வரவில்லை. ஒருநாள் வயதான அம்மா ஒருத்தி கால் மாற்றி நின்றுவிட்டாள். "ஆடாம நில்லு பாப்போம்!" என்று அதட்டினேன். தொரை அதட்டவில்லை, நான்தான்.

அந்த வருடங்களில் லயமெங்கும் ஒரே பேச்சு, பிரஜாவுரிமை. இந்த மண்ணில் பிறந்த எங்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். வேண்டுமானால் விண்ணப்பம் போடு, அத்தாட்சி காட்டு, விசாரிக்கிறோம் என்றார்கள். நானும் போட்டிருந்தேன். என் பெண்சாதி ஓடியோடிச் சேர்த்த காகிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. அவள் அப்போது நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்காவது ஒரு நாடு வேண்டும், நாளைக்கு யாரும் வந்து இந்தியாவுக்குக் கப்பலேறு என்று விரட்டக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நுவரெலியாவில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. எங்களுக்கு வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசு வழியாகத்தான் வரும் என்பதால் எனக்கு முன்பே தொரைக்குத் தெரியும். நாய்ப் போட்டியும் அதே சனிக்கிழமை, அதே ஊர்.

"அன்னைக்குப் போகலைன்னா கேஸைக் கிழிச்சிப் போட்ருவாங்க தம்பி" என்று தொழிற்சங்கத்துத் தலைவர் சொல்லியிருந்தார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொரையிடம் போனேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பயம் வேணாம். அந்த ஆபீசர் எனக்குத் தெரியும். நான் டெலிபோன்ல சொல்றேன். நீ நாய் கூட வா. முடிஞ்சா நடுவுல போகலாம்."

"சரிங்க தொரை" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று வெளியாட்களுக்குப் புரியாது. தொரையைக் கேட்காமல் தோட்டத்துக்குள் பொலிஸ்காரன்கூடக் கால் வைக்கமாட்டான். கல்யாணம் முடிக்கவும் சாவு வீட்டுக்குப் போகவும் அவர் சொல்ல வேண்டும். கவர்மெண்டு என்பதும் தொரை சொன்னால் கேட்டுக்கொள்கிற இன்னொரு கணக்கப்பிள்ளை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். என் பெண்சாதிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. டின்னை என் கையில் திணித்தாள்.

"எப்பிடியாச்சும் பத்து மணிக்குப் போயிருங்க. நாய் என்ன, அதுபாட்டுக்குக் கெடக்கும்."

காரில் பின் சீட்டில் நாய் படுத்திருந்தது. அதன் காலடியில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நான் குந்தியிருந்தேன். மைதானத்தில் தொப்பியும் குடையுமாக ஒரே கூட்டம். தபால் கந்தோர் மணிக்கூடு மரங்களுக்கு மேலே தெரிந்தது. ஒன்பதரை. விசாரணை ஆபீசு அரை மைல் தூரம்.

நாய்க்குக் கடைசியாக ஒரு சீவு சீவிவிட்டு, "தொரை, நான் போயிட்டு ஓடி வந்துர்றேங்க" என்றேன். அவர் வாய் திறக்கும் முன்பே போட்டி நடத்துகிற வெள்ளைக்காரத் தொரசாணி ஒருத்தி வந்து ஏதோ கேட்டாள். தூணாக நிற்க இரண்டு ஆள் வேண்டுமாம். தொரை என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"நீ அங்க நில்லு. அசையக்கூடாது. எல்லா நாயும் சுத்தி முடிக்கட்டும்."

போய் நின்றேன். எதிர்த்தூண் வேறொரு தோட்டத்து நாய்க்காரன். "அண்ணே, மூக்கு அரிக்குது, சொறிஞ்சா குத்தமா?" என்று உதடு அசையாமல் கேட்டான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சொந்தக்காரர் சங்கிலி பிடிக்க, ஒவ்வொரு நாயாக வந்தது. சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மணிக்கூட்டில் பத்தாயிற்று. பத்தேகால் ஆயிற்று. ஒரு நாயின் முறைக்கும் அடுத்த நாயின் முறைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நடந்து போயிருக்கலாம். "தொரை சொல்லியிருப்பாரு, டெலிபோன்ல சொல்லியிருப்பாரு" என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டு நின்றேன்.

ஒரு தொரசாணியின் தடித்த நாய் என்னைச் சுற்றி வரும்போது நின்று மோந்து, காலைத் தூக்கிற்று. சூடாக முழங்காலிலிருந்து பாதம் வரை இறங்கியது. கூட்டம் ஓவென்று சிரித்தது. நடுவர் அந்த நாய்க்குப் புள்ளி குறைத்து எழுதினார். நான் குனிந்து துடைக்கக்கூட இல்லை. ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

எல்லா நாயும் முடிய பதினொன்றரை. கடைசி அங்கம், நாய்களை வரிசையாகப் படுக்கப்போட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் கூடாரத்துக்குப் பின்னால் மறைவது. எங்களைத் தூண் வேலையிலிருந்து போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் அங்கேயே நின்றிருந்தேன். எல்லா நாயும் கிடந்தது. எங்கள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னைக் கண்டது. எழுந்து, மைதானத்தின் குறுக்கே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து என் கையை நக்கியது. இரண்டு வருடத்துக்கு மேல் நான் அடக்கிப் பழக்கிய மிருகம், ஊரே பார்க்க, தன் இஷ்டத்துக்கு எழுந்து வந்துவிட்டது. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

தொரை முகம் சிவந்துபோய் சங்கிலியைப் பறித்துக்கொண்டார். நான் காரில் கிடந்த டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆபீசு வாசலில் பியூன் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள் என்றும், வராதவர்களின் காகிதங்களைக் கட்டாகக் கட்டி வைத்தாகிவிட்டது என்றும் சிங்களத்தில் சொன்னான். டெலிபோன் ஏதும் வந்ததா என்று கேட்டேன். அவன் என் காலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினான்.

இரண்டு மாதம் கழித்து மறுத்துக் கடிதம் வந்தது. அதற்குள் எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள். மறுபடி தொரையிடம் போனேன். என்னை அன்றைக்கு நிறுத்தி வைத்தது அவர்தான் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நாய் ஷோவுக்குன்னு கவர்மெண்டுக்கு எழுதுறதா? சிரிப்பாங்க. காய்ச்சல்னு சொல்லு."

காய்ச்சல் என்று மேல்மனு எழுதிப்போட்டேன். அவர்கள் விசாரித்துப் பார்த்தபோது தோட்டத்து மருந்துப் புத்தகத்தில் என் பேர் இல்லை. பொய் சொன்னவன் என்று சேர்த்து எழுதி, மனுவையும் தள்ளிக் கடிதம் போட்டார்கள். பிற்பாடு இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து எங்களை நீ இத்தனை நான் இத்தனை என்று பங்கு பிரித்தபோதும் என் மகள் எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இல்லாதவளாகத்தான் இருந்தாள்.

அந்த இரண்டாவது கடிதம் வந்த அன்றைக்கு என் பெண்சாதி அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு அந்த மைதானத்துல உங்கள யாராச்சும் கட்டி வச்சிருந்தாங்களா?"

"இல்ல" என்றேன்.

மறுநாள் காலை நான் பங்களாவுக்கு வேலைக்குப் போனேன்.