தவக்காலத்தில் பூட்டிய பாட்டு மெஷின்

பிளே பட்டனில் விரல் வைத்ததும் குசினி அடுப்படியிலிருந்து ஒரு கத்தல். "ஐயோ தம்பி, வேண்டாம்!"

எங்கோ வயர் புகைகிறது என்று நினைத்து மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தேன். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று விபூதிப் புதனுக்கு மறுநாள், கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கியிருந்தது. உயிர்த்த ஞாயிறு வரும்வரை பேசாலையில் அந்த வீட்டில் பாட்டுப் போடுவதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? மலைநாட்டிலிருந்து வந்து இலுப்பைக்கடவைப் பக்கம் குடியேறிய சைவக் குடும்பம் எங்களுடையது. நான் மன்னார் ரவுணில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். யுத்தம் கொஞ்சம் மூச்சு வாங்கிய காலம் அது. கொழும்புச் சாமான் வரத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்காரர் சூசை அண்ணை இருபது வருசம் சங்கு குளித்தவர். ஆழக்கடல் அவருடைய இடது காதை முழுதாக எடுத்துவிட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, நிற்பாட்ட மருந்தில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைக்கு வந்து அவர் கேட்டது இவ்வளவுதான்: "என்னட்ட இருக்கிற பாட்டெல்லாத்தையும் ஒருக்கா வடிவாக் கேட்டு முடிக்கவேணும் தம்பி. காது இருக்கேக்குள்ள."

வேலை

இளையவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். இது பெரிய வித்தை அல்ல. பழைய கொம்பியூட்டர் ஒன்று, பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு, நல்ல சவுண்ட் கார்ட் ஒன்று. சீடியையும் கசெற்றையும் சுருக்காமல் முழுசாக ஏற்றவேண்டும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்பி3 ஆக்கினால் தபேலா தகரம் ஆகிவிடும். கொம்பியூட்டரின் ஃபேன் சத்தம் போடும், ஆகவே அதைப் பக்கத்து அறையில் வைத்து, வயரை மட்டும் சுவருக்குள்ளால் அம்பிளிபயருக்கு இழுக்கவேண்டும். எல்லாவற்றையும் இரண்டு மாதமாகக் கடையில் இருந்து செய்து, பஸ்ஸில் கட்டிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் பாட்டுக்கு உரியதும் ஒன்று. "சிந்து மாத்தயா, சிந்து" என்றேன். சிரித்துவிட்டு விட்டார்.

இவ்வளவு பாடும் பட்டு வந்தவனைத்தான் பிலோமினா அக்கா, சூசை அண்ணையின் மனைவி, பட்டனைத் தொடவிடாமல் நிறுத்தினா.

"அண்ணை, நாப்பது நாள் பொறுப்பீங்களா?" என்றேன்.

"கடலை நேவி மூடினா மாசக்கணக்கிலயெல்லோ கரையில இருந்தனாங்கள். இது என்ன?" என்றார் அவர். ஆனால் கண் ஸ்பீக்கரிலேயே இருந்தது.

பாட்டில்லாமல் ஹை-ஃபை சோதிப்பது எப்படி? மௌனத்தைக் கேட்டுத்தான். அம்பை, அதாவது அம்பிளிபயரை, முழுதாகக் கூட்டிவிட்டு, ஒன்றும் போடாமல் மூவரும் கதிரையில் இருந்தோம். மத்தியான வெயில் யன்னலால் வந்து தரையில் கிடந்தது. தூரத்தில் யாரோ கிழிந்த வலை பொத்திக்கொண்டே பேசினார்கள். வீடு மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் சும்மா இருந்ததில்லை. வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

"அடியில ஒண்டு இரையுது தம்பி" என்றார் அண்ணை.

உண்மைதான், எனக்கும் கேட்டது. கொம்பியூட்டருக்கு ஒரு அறையில் கரண்ட், அம்புக்கு வேறு அறையில். அப்படிக் கொடுத்தால் இரையும். அடுத்த கிழமை இரண்டையும் ஒரே பிளக்கில் கொடுத்தேன். எனக்கு இரைச்சல் நின்றுவிட்டது.

"நிக்கேல்லையே" என்றார்.

அதற்கடுத்த கிழமை எர்த் கம்பியைப் பார்த்தேன். பேசாலை மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது. கம்பி இறக்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். பிறகும் இரைகிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு காதுக்காரர், அதுவும் அரைக் காதுக்காரர், என் வேலையில் பிழை பிடிப்பதா! புது வயர் வாங்கினேன். சவுண்ட் கார்டை மாற்றினேன். மூன்று கிழமை ஓடிவிட்டது.

பிளக்

அந்த மூன்றாம் கிழமையின் கடைசி நாள், "அண்ணை, கவனமாக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்காதபடி பிளக்கையே சுவரிலிருந்து கழற்றினேன். இப்போது அம்பும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை, இரண்டும் வெறும் தகரப் பெட்டிகள்.

"இப்ப?"

அவர் தலையைச் சரித்து, வலது காதைக் கொடுத்துக் கேட்டார். "இரையுது. முந்தினதிலும் கூட."

பிளக் என் கையில் தொங்கியது. பிலோமினா அக்கா அதைப் பார்த்தா. என்னைக் குசினிக்குக் கூப்பிட்டா. "இரைச்சல் தொடங்கினா பிறகு கனநாள் இல்லையெண்டு டொக்டர் என்னட்டச் சொன்னவர். அவருக்குச் சொல்லேல்ல" என்றா. அடுப்பை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"பாட்டைப் போடுங்கோ தம்பி."

"அக்கா, தவக்காலம்..."

"ஆண்டவரோட நான் கதைக்கிறன். நீங்கள் போடுங்கோ."

போட்டேன். மிருதங்கம் அந்த அறைக்குள் இறங்கியபோது சூசை அண்ணை துள்ளி எழுந்து, "என்னடி இது?" என்றார். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல், "பிலோமினா, உங்கட வீட்டிலயோ பாட்டு?" என்றது.

"ஓம், எங்கட வீட்டிலதான்!" என்று கத்தினா அக்கா. ஊருக்கே கேட்டிருக்கும்.

அண்ணை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மெதுவாகக் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து விடிந்தால் பொழுதுபட்டால் பாட்டுத்தானாம். நான் ஏற்றிவைத்த அகர வரிசைப்படியே, ஒன்றும் விடாமல் கேட்டாராம். உயிர்த்த ஞாயிறன்று பலகாரம் சாப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் முழுதாகக் கூட்டியிருந்தது. பாட்டு முடிந்ததும் பிலோமினா அக்கா அவர் தோளில் தட்டி, கையைக் காட்டி, முடிந்துவிட்டது என்று சொன்னா. "ம" வரைக்கும் கேட்டார் என்று என்னிடம் சொன்னா.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரைகிறது என்று ஒருவர் சொன்னால், முதல் நாளே பிளக்கைக் கழற்றிவிட்டு அவரிடம் கேளுங்கள். நான் அதைக் கடைசியாகச் செய்தேன். "வ"வில் நிறையப் பாட்டு இருந்தது. அந்த மூன்று கிழமை போதுமாக இருந்திருக்கும்.