மாமா பார்க்காத மேட்ச்

நாற்காலியில் அப்பா இருந்தார். அம்மா சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தை. டி.வி.க்கு முன்னால் தரையில் அண்ணன் படுத்திருந்தான். அவன் காலடியில் நான். வாசற்படியில் மாமா.

மாமா என்றால் அத்தையின் கணவர். சிலோன்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் தனி ஆளாகத் தப்பி பெங்களூர் வந்து, அல்சூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அங்கே அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போய் அத்தையைக் கட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மாமா அதிகம் பேசமாட்டார்.

அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கைக்கு எதிரே ஆஸ்திரேலியா. இலங்கை ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த வாரம்தான் அவர்கள் இந்தியாவைத் தோற்கடித்திருந்தார்கள். தெருவே கடுப்பில் இருந்தது. மாமா மட்டும் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"உன்ன அடிச்சுத் துரத்தின ஊரு. அதுக்கா சட்ட மாத்தினே?" என்றார் அப்பா.

"ஆமா மச்சான்."

"ஏன்யா?"

"தெரியல மச்சான். ஜெயிக்கணும்."

இலங்கை ஆட வந்தது. வந்ததும் இரண்டு விக்கெட் போனது.

எங்கள் வீட்டில் மேட்ச் பார்க்க ஒரு சட்டம் உண்டு. நன்றாகப் போனால் யாரும் அசையக்கூடாது. ஒண்ணுக்குக்கூடப் போகக்கூடாது. கெட்டால் யாராவது இடம் மாற வேண்டும்.

"மாமா, நீங்க பாத்தா ராசியில்ல. உள்ள போயிடுங்க" என்றான் அண்ணன். கிண்டலுக்குத்தான் சொன்னான்.

மாமா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து டி.வி. தெரியாது.

அதற்குப் பிறகு ரன் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்கும்.

"என்ன பாப்பா?"

"நாலு மாமா!"

நான் ஓடி ஓடிப் போய்ச் சொன்னேன். நான் ஓடும்போதுதான் ரன் வருகிறது, அதனால் நான் மட்டும் ஓடலாம் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அவனே கட்சி மாறிவிட்டான். "சக்கத்தா அடிக்கிறானுங்கப்பா" என்றான்.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "எத்தன நேரம் அங்கயே நிப்பீங்க? வந்து பாருங்களேன்" என்றாள்.

மாமா மெல்லத் தலையை நீட்டினார். மூன்றாவது விக்கெட் விழுந்தது.

வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று அண்ணன் தரையைத் தட்டினான்.

மாமா சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். துவைக்கிற கல்லின்மேல், வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அத்தை கூப்பிட்டும் திரும்பவில்லை. கடைசிவரை அங்கேயேதான் இருந்தார். அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். நானாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இலங்கை ஜெயித்தது. நான் ஓடினேன்.

"ஜெயிச்சாச்சு மாமா! வாங்க, கப்பு தர்றாங்க."

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. வாங்க."

"இருக்கட்டும் பாப்பா. நான் உள்ள வந்தா எதாச்சும் ஆயிடும்."

"முடிஞ்ச மேட்ச்ல என்ன மாமா ஆவும்?" என்று சிரித்தேன்.

அவர் தோள் குலுங்கியது. மாமா சந்தோஷத்தில் அழுகிறார் என்று உள்ளே வந்து சொன்னேன். அண்ணன் கைதட்டினான். அத்தை எழுந்து பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை.

மாமா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அத்தை என்னிடம் சொன்னாள்.

கலவரத்தன்று டவுனில் ஒரு கும்பல் மாமாவைத் துரத்தியிருக்கிறது. அவர் தோட்டத்துக்கு ஓடி வந்து வீட்டுக்குள் புகுந்து, எல்லோரையும் வரச் சொல்லிக் கத்திவிட்டு, பின்கதவு வழியாகத் தேயிலைக்குள் இறங்கினார். வீட்டார் பின்னால் வருகிறார்கள் என்றே நினைத்தார். யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது வீடு எரிந்துகொண்டிருந்தது.

"நான் அந்த வீட்டுக்குள்ள போயிருக்கக் கூடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னாராம்.

உள்ளே இருந்தவர்கள் அவருடைய அப்பா, அம்மா, தங்கச்சி, தங்கச்சியின் இரண்டு பிள்ளைகள்.

ஐந்து பேர்.