நடுக்கத்துக்கு ஒரு மிடறு

போர்க்காலத்தில் நான் மூதூர்ப் பக்கம் பிரசவம் பார்க்கிற மருத்துவமாதாக வேலை பார்த்தேன். பாதை திறந்திருந்தால் திருகோணமலையிலிருந்து லோஞ்சுப் படகில் போய், பிறகு சைக்கிளில் கடலோர வேடர் குடியிருப்புக்குப் போவேன். "வேடரா, எல்லாம் குடிகாரக் கூட்டம்" என்று திருகோணமலை நகரத்து ஓர்ஸ் ஹில்லில் ஒருவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வீட்டு அலுமாரியில் இருந்த சாராயப் போத்தல்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் ஒருத்தி இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். மூத்த மகளுக்கு ஏழு வயது. ஆள் சின்னது, சிரித்த முகம். காலையில் சொல்லிக்கொடுத்தது மத்தியானம் மறந்துபோகும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்காத நாளில்லை. நகரத்து டொக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் இருந்தபோது தாய் குடித்ததால் வந்த பாதிப்பு, இது மாறாது என்றார்.

"செல் அடிக்கக்குள்ள குடுத்தாங்க மிஸ்ஸி" என்றாள் தாய். செல் குண்டுகளுக்குப் பயந்து காட்டுக்குள் ஓடி ஒளியும்போதெல்லாம் கர்ப்பிணிக்குத்தான் முதலில் கசிப்பு, அதுதான் காய்ச்சின கள்ளச்சாராயம், ஊற்றுவார்களாம். தாயின் பயம் பிள்ளையைத் தாக்கும், கசிப்பு பயத்தை அடக்கும் என்று நம்பினார்கள். பிள்ளையைக் காக்கத்தான் கொடுத்தார்கள். யாரைத் திட்டுவது?

அவளிடம் மட்டும் சொன்னால் சரிவராது, கொடுக்கிற கைகள் வேறு. எல்லோரையும் புளியமரத்தடியில் இருத்தி, பயத்தைவிடக் கசிப்புத்தான் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்றேன். மூத்தவளைச் சுட்டிக் காட்டவில்லை.

"அப்ப நடுங்கினா என்ன செய்யிற மிஸ்ஸி?" என்று புருசன் கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் மருந்து இல்லை.

"கையைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ. தேத்தண்ணி குடுங்கோ. கசிப்பு மட்டும் வேண்டாம்."

மூத்தவளின் வாத்தியாரிடமும் போய், அந்தப் பிள்ளைக்கு அடிக்க வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கோ என்று சண்டை பிடித்தேன். தாய்க்கும் அதையே சொன்னேன்.

மாரியில் பாதை மூடிவிட்டது. அக்கரையில் செல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் நினைப்புத்தான். திரும்பப் போனபோது குழந்தை பிறந்து பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டும் குடுக்கல்ல மிஸ்ஸி. நடுங்கக்குள்ள எல்லாரும் மாறி மாறிப் புடிச்சிருந்தம்" என்றான் புருசன். எனக்குக் கண் நிறைந்தது.

தாய் சிரிக்கவில்லை. வாசலில் மூத்தவள் தண்ணீர் வாளியை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தாயின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"இவ வயித்துக்குள்ள இருக்கக்குள்ள ஏன் மிஸ்ஸி ஒருத்தரும் வந்து சொல்லல்ல?"

அந்த வருசங்களில் பாதை மூடியிருந்தது. அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மகளிடம் "வாளியைத் தூக்கு" என்றாள். பிள்ளை தூக்கும்வரை பார்த்திருந்து, "இப்ப உள்ளுக்கு வா" என்றாள்.