டிக் அடித்த படங்கள்

பொன்மலையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போயிருந்தேன். கடை கடையாக நடந்து சாப்பிடும் சுற்றுலா. வழிகாட்டிப் பெண் தந்த தாளில் மேலே இங்கிலீஷில் ஒரு வரி, கீழே நண்டு, இறால், மீன் படங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிடித்ததைக் கேட்கிறார்கள் என்று எல்லாவற்றிலும் டிக் அடித்தேன்.

முதல் கடையில் எல்லோருக்கும் நண்டு வந்தது. எங்களுக்கு மட்டும் இடியாப்பம்.

“எனக்கு நண்டுப்பா,” என்றாள் மகள்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்காதுன்னு டிக் அடிச்சிருக்கீங்களே சார்?” என்றார் அந்தப் பெண்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமாங்க, ஒத்துக்காது,” என்றேன். கடைசிக் கடை வரை அப்படியே நடந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் மகள் மெதுவாகக் கேட்டாள். “போன வாரம் வீட்ல நண்டு சாப்பிட்டோமே, நமக்கு ஏதாச்சும் ஆயிடுமாப்பா?”

“ஆகாதும்மா,” என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.