வாய்க்கால் சுவரில் பத்தொன்பது பேர்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அருள்கூர்ந்து மன்னிக்க வேண்டும். பிழைகள் என்னுடையவை. நிகழ்ச்சி என்னுடையதன்று. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் என்னோடு பணியாற்றிய திரு. அமலநாதனுக்கு உண்மையாகவே நேர்ந்தது. அவர் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நேரங்கள் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

பெரிய வாய்க்காலை ஒட்டி, முப்பது அடி நீளத்தில் ஒரு பொதுச் சுவர் இருந்தது. அதில் பத்தொன்பது பேர் ஆளுயரத்தில் நின்றார்கள். 1935-இல் திருவிழாவுக்குப் போன படகு ஆற்றில் கவிழ்ந்து மாண்டவர்கள். அவர்களை நேரில் அறிந்த ஓவியர் ஒருவர் மறு ஆண்டே சுவரில் வரைந்து வைத்தார். இடப்பக்கத்திலிருந்து பதினோராவது ஆள், நீலப் புடவைக்காரி, அமலநாதனின் தாய். விபத்தின்போது அமலநாதனுக்கு வயது மூன்று. தாய் மடியில் இருந்த அவரை மட்டும் தண்ணீர் உயிரோடு கரையில் ஒதுக்கியது என்று சொல்லித்தான் உறவினர்கள் வளர்த்தார்கள். தாய்க்குப் புகைப்படம் கிடையாது. அந்த முகம் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

1979 ஏப்ரலில் ஒரு குடைக் கம்பெனி விளம்பரம் எழுத அந்தச் சுவரைக் குறிவைத்தது. அமலநாதன் மேலிடத்துக்கு மூன்று மனுக்கள் அனுப்பினார். பதில் இல்லை. திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது என்ற செய்திதான் வந்தது.

சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுவரில் ஒரு சதுரம் வெள்ளையடித்து, பெயரும் வருடமும் எழுதிவிட்டால் அது பிடித்த சுவர். வேறு எவனும் தூரிகை வைக்கமாட்டான். அமலநாதன் அந்த வழியையே கையாண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் சுவரெழுத்துக்காரர் ராஜாங்கத்தைச் சுவருக்கு அழைத்துவந்தார்.

“எழுத்து நிக்கணும்னா அடியில வெள்ள வேணும் சார். எங்கியும் எடமே இல்ல, வரிசையா நிக்கிறாங்க. ஒரு ஆளு மறைஞ்சிடும். யார மறைக்கிறது?”

அமலநாதன் வலக்கோடியில் நின்ற மனிதனைக் காட்டினார். வெற்று மார்பு, ஈரத் தலை. அவனுக்கென்று பூ வைக்க யாரும் வந்ததில்லை.

“அவனுக்குக் கேக்க நாதியில்ல. அவன் மேல எழுது.”

“நம்மளயே பாக்கிறான் சார்.”

“மூடுப்பா.”

ராஜாங்கம் மூடினார். ‘அமலநாதன், 1979–1989.’ திங்களன்று வந்த குடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அமலநாதன் அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை சதுரத்தைத் தொட்டுப் பார்த்தார். சித்திரை வெயில்... சுண்ணாம்பு காயவில்லை.

புதன்கிழமை வெள்ளை ஒரு சாண் நகர்ந்திருந்தது. பக்கத்து ஆளின் தோளைக் காணோம்.

வியாழக்கிழமை மாலை வீட்டில் மனைவி ஸ்டெல்லாமேரி தரையைக் காட்டினார். வாசலிலிருந்து கட்டில் வரை சுண்ணாம்புக் காலடிகள்.

“ஏங்க, யாரு வந்தது?”

“நான் ஆபீஸ்ல இருந்தேன்.”

“அதான் கேக்கிறேன். பொம்பளக் காலாட்டம் இருக்குதே. சொல்றதுன்னா சொல்லிப்புடுங்க.”

காலடிகள் கட்டிலருகே நின்றிருந்தன. அவர் தலை வைக்கும் பக்கம். திரும்பிப் போன தடம் இல்லை.

வெள்ளிக்கிழமை. பகல் 1.10. மதியச் சாப்பாட்டுக்குக் கடைகள் எல்லாம் கதவடைத்திருந்தன. வாய்க்காலோரம் ஒரு மனிதர் இல்லை. சைக்கிளை நிறுத்தினார். சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

சுண்ணாம்பு மட்டை சுவரில் உரசும் சத்தம். மட்டை இல்லை. கை இல்லை. வெள்ளை மட்டும் வலப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தது.

1.13. நான்கு பேர் போயிருந்தார்கள். ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

1.15. எட்டுப் பேர்.

அடுத்தது நீலப் புடவை.

அமலநாதன் ஓடிப்போய்ச் சுவரில் முதுகை ஒட்டினார். இரு கைகளையும் விரித்துத் தாயை மறைத்து நின்றார்.

“எல்லாரையும் எடுத்துக்கோ... எங்கம்மாவ வுட்டுடு!”

சத்தம் நின்றது.

1.16.

ஈர விரல்கள் அவர் தலையைத் தடவின. குழந்தையைத் தடவுவது போல... மெதுவாக.

பின்னாலிருந்து.

சுவருக்குள்ளிருந்து.

பிறகு அவை கண்களைப் பொத்தின.

எரிந்தது. அலறினார். திமிறித் திரும்பினார். இடக் கண்ணில் மட்டும் பாதி தெரிந்தது. தாயின் வலக்கை... மணிக்கட்டு வரை வெள்ளை. விரல் நுனியில் சுண்ணாம்பு சொட்டியது.

அந்தக் கை உயர்ந்தது.

தன் முகத்தைத் தானே மெழுகிக்கொண்டது.

சரக்.

இரண்டு மணிக்கு அவ்வழியே வந்தவர் ராஜாங்கம். “என்னா சார், நாங்க ரெண்டு நாளு அடிக்கிறத ஒத்த ஆளா அடிச்சிட்டீங்களே!” என்று சிரித்தபடி வந்தவர் கண்களைப் பார்த்ததும் ரிக்‌ஷாவுக்கு ஓடினார். சுவரில் பத்தொன்பது பேரும் இல்லை. பிடித்து எழுதிய பெயரும் இல்லை. பெயரில்லாத வெள்ளைச் சுவரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். மறுவாரம் குடைக்காரர்கள் வந்து, வெள்ளையடிக்கிற வேலை மிச்சம் என்று மகிழ்ந்து எழுதினார்கள்.

ஆகஸ்டு மாதம், வேறொரு கோப்பைத் தேடியபோது, பிரெஞ்சில் எழுதிய அந்த விபத்தின் விசாரணைத் தாள் என் கையில் கிடைத்தது. அமலநாதன் பதினெட்டு ஆண்டுகள் காவலாக இருந்த அதே ஆவண அறையில்தான். அவரால் வாசிக்க இயலாததால் நானே வாசித்துக் காட்டினேன். வலக்கோடி மனிதன் படகோட்டி பலராமன். ஊர், உறவு தெரியாது. தண்ணீர் யாரையும் ஒதுக்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவன் அவன். பிறகு அதன் தாயைத் தேடித் திரும்ப நீந்தினான். மறுநாள் இருவரையும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள். அவள் வலக்கை அவன் கையை விடவில்லை.

அமலநாதன் என் பக்கம் திரும்பினார். “அம்மா முகம் எப்பிடி இருந்துச்சு? நீங்க பாத்திருக்கீங்க இல்ல?” என்று கேட்டார். நான் தினமும் பார்த்த முகம். எவ்வளவு முயன்றும் எனக்கு நினைவு வரவில்லை.

இழந்தவை: முப்பது அடிச் சுவர். பத்தொன்பது முகங்கள். திரு. அமலநாதனின் வலக் கண் முழுவதும், இடக் கண் பாதி.